செஸ் இன்ஜின் எழுதும்போது எந்தக் குறுக்கு வழி ஓடும், எது கவிழ்க்கும்

சின்க்ளேர் இசட்எக்ஸ்81 என்ற வீட்டுக் கணினியில் இருந்த நினைவகம் மொத்தமே 1 கிலோபைட். 1980-களின் தொடக்கத்தில் அதற்குள் டேவிட் ஹார்ன் ஒரு செஸ் நிரலை அடக்கிக் காட்டினார். 672 பைட்தான். இந்தப் பத்தியை யூனிகோடில் சேமிக்கவே அதைவிட அதிக இடம் பிடிக்கும். அந்த நிரலுக்குக் காஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் சேர்ந்து நகர்வது) தெரியாது, என்பாசன்ட் (இரண்டு கட்டம் பாய்ந்த சிப்பாயை, ஒரே கட்டம் நகர்ந்ததுபோலக் கருதிப் பக்கத்துச் சிப்பாய் வெட்டுவது) தெரியாது, கடைசி வரிசையை எட்டும் சிப்பாய் ராணியாக மாறாது. ஆனாலும் நிரலாளர்கள் இன்றைக்கும் அதை மரியாதையோடுதான் பேசுகிறார்கள். அதற்கும் முன்னால், 1956-ல், லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் மேனியாக் கணினிக்கு எழுதிய நிரல் பலகையையே 6×6 ஆகச் சுருக்கி, பிஷப்புகளை வெளியே அனுப்பிவிட்டுத்தான் ஆடியது.

இரண்டுமே குறுக்கு வழிகள்தான். ஆனால் இயந்திரம் அவ்வளவுதான் தாங்கும் என்ற கணக்கு தெரிந்து, எதை விட்டோம் என்று சொல்லிவிட்டு விட்டவை. இன்று ஒரு லேப்டாப்பில் தன் முதல் இன்ஜினை, அதாவது செஸ் ஆடும் நிரலை, எழுதுகிறவர் "என்பாசன்ட் எத்தனை ஆட்டத்தில் வரப்போகிறது, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஒதுக்குவது வேறு ரகம். அங்கே இடத்துக்கும் பஞ்சமில்லை, வேகத்துக்கும் பஞ்சமில்லை. அலுப்புதான் காரணம். செஸ் இன்ஜினில் அலுப்பால் எடுக்கும் குறுக்கு வழிகள் வேறு எந்த நிரலையும்விட மோசமாகத் திருப்பியடிக்கும்.

ஏனென்றால் இன்ஜின் ஒரு நகர்வைத் தேர்ந்தெடுக்கும் முன் லட்சக்கணக்கான, சில நேரம் கோடிக்கணக்கான நிலைகளைத் தனக்குள் ஆடிப் பார்க்கிறது. ஒவ்வொரு கிளையிலும் இரு தரப்புக்கும் மிக நல்ல நகர்வைத் தேடுகிறது. விதியில் ஓர் ஓட்டை இருந்தால், அந்த ஓட்டையின் வழியாக யாருக்காவது லாபம் கிடைக்கும் என்றால், தேடல் தேடிப்போய் அதையே பிடித்துக்கொள்ளும். சாதாரண மென்பொருளில் அபூர்வமான பிழை அபூர்வமாகத்தான் வெளியே வரும். இங்கே அபூர்வத்தைத் தோண்டி எடுப்பதுதான் நிரலின் வேலையே.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. இன்ஜின்கள் இன்று பெரும்பாலும் யூசிஐ என்ற நெறிமுறையில் பேசிக்கொள்கின்றன. எதிராளி காஸ்லிங் செய்தால் உங்களுக்கு வருவது "ஈ1ஜி1" என்ற நான்கே எழுத்து. காஸ்லிங்கை எழுதாமல் விட்டவரின் நிரல் ராஜாவை இரண்டு கட்டம் தள்ளிவைத்துவிட்டு, யானையை எச்1-லேயே விட்டுவிடும். அந்த நொடியிலிருந்து இன்ஜின் பார்க்கும் பலகை வேறு, நிஜப் பலகை வேறு. அதன் பிறகு அது எவ்வளவு ஆழமாக யோசித்தாலும் வீண். நாம் அந்த நகர்வை ஆடவே போவதில்லை என்று விட்டுவிட முடியாது, எதிராளி ஆடுவார்.

சரி, விதிகள் முழுக்கச் சரியாக எழுதப்பட்டிருக்கின்றன என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்த வட்டாரத்தில் அதற்கு ஓர் அருமையான சோதனை உண்டு. பெர்ஃப்ட் என்பார்கள். தொடக்க நிலையிலிருந்து சட்டப்படி ஆடக்கூடிய எல்லா நகர்வு வரிசைகளையும் குறிப்பிட்ட ஆழம்வரை எண்ணுவது, அவ்வளவுதான். வெள்ளையின் முதல் நகர்வுக்கு 20 வழிகள். கறுப்பும் ஆடிய பின் 400. அடுத்து 8,902. பிறகு 1,97,281. ஐந்தாவது ஆழத்தில் 48,65,609. ஆறாவதில் 11,90,60,324. இந்த எண்கள் எல்லோருக்கும் பொது. உங்கள் நிரல் ஒன்று கூடவோ குறையவோ சொன்னாலும் அதில் பிழை இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. என்பாசன்ட்டே எழுதாத நிரல் நான்காவது ஆழம்வரை எல்லா எண்ணையும் சரியாகச் சொல்லும். ஒரு வெள்ளைச் சிப்பாய் ஐந்தாம் வரிசைக்குப் போய்ச் சேர இரண்டு நகர்வு வேண்டும். பக்கத்தில் கறுப்புச் சிப்பாய் இரண்டு கட்டம் பாய வேண்டும். அதன் பிறகுதான் வெட்டலாம். அது ஐந்தாவது அரைநகர்வு (ஒரு தரப்பு ஒரு முறை ஆடுவது அரைநகர்வு). அந்த ஆழத்தில் 258 என்பாசன்ட் வெட்டுகள் உண்டு. விதியை விட்டவருக்கு 48,65,351 என்று வரும். ஏறத்தாழ ஐம்பது லட்சத்தில் 258 போனால் என்ன என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி நினைக்கிறவருக்கு இந்தத் தொழில் ஒத்துவராது.

வேடிக்கையின் அடுத்த பாதி இன்னும் சுவையானது. தொடக்க நிலையிலிருந்து ஆறாவது ஆழம்வரை, அந்தப் பதினொரு கோடியே தொண்ணூறு லட்சத்துச் சொச்சம் முடிவுகளில், ஒன்றில்கூடக் காஸ்லிங் கிடையாது. சிப்பாய் ராணியாவதும் கிடையாது. வெள்ளை காஸ்லிங் செய்யக் குதிரையும் பிஷப்பும் வழி விட வேண்டும். அதற்கே மூன்று நகர்வு போய்விடும். ஆகவே காஸ்லிங்கும் பதவி உயர்வும் அறவே இல்லாத நிரல் ஆறு ஆழத்திலும் முழு மதிப்பெண் வாங்கும். தொடக்க நிலையை மட்டும் சோதித்துவிட்டு "பெர்ஃப்ட் பாஸ்" என்று அறிவிப்பதே ஒரு குறுக்கு வழிதான், அதிலும் ஏமாற்றும் வகை. இதற்காகவே கிவிபீட் என்ற புகழ்பெற்ற சோதனை நிலை இருக்கிறது. காய்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு நிற்கும் நிலை அது. முதல் நகர்விலேயே 48 வழிகள்; அவற்றில் இரண்டு காஸ்லிங். இரண்டாவது ஆழத்தில் 2,039, மூன்றாவதில் 97,862.

கிவிபீட்டில் மாட்டிக்கொள்ளும் பிழைகள் பெரும்பாலும் ஒரே குடும்பம். ராஜா நகர்ந்தால் காஸ்லிங் உரிமை போகும், யானை நகர்ந்தாலும் போகும் என்று எழுதிவிடுவார்கள். யானை நகராமல் எச்8-லேயே வெட்டுப்பட்டாலும் உரிமை போக வேண்டும் என்பதை மறந்துவிடுவார்கள். பிறகு கறுப்பின் இன்னொரு யானை எச்8-க்கு வந்து உட்காரும். இன்ஜின் ஜாம் ஜாமென்று காஸ்லிங் செய்யப் போகும். நீளக் காஸ்லிங்கில் பி1 கட்டத்தை எதிரி தாக்கினாலும் தடையில்லை, ராஜா அந்தக் கட்டத்தைக் கடப்பதே இல்லை என்பது இன்னொரு பள்ளம். நன்றாக ஆடத் தெரிந்தவர்களே இதில் தடுமாறுவதுண்டு.

இப்போது ஒரு நிலையைக் கிட்டத்தில் பார்ப்போம். வெள்ளை ராஜா ஏ5-ல். அதன் பக்கத்தில் பி5-ல் வெள்ளைச் சிப்பாய். அதே வரிசையின் மறுகோடியில், எச்5-ல், கறுப்பு யானை. நடுவில் வேறு காய் இல்லை. கறுப்பு தன் சிப்பாயை சி7-லிருந்து சி5-க்குப் பாய்ச்சுகிறது. வெள்ளை அதை என்பாசன்ட்டாக வெட்டலாமா? ராஜாவுக்கும் யானைக்கும் நடுவே இப்போது இரண்டு சிப்பாய்கள் நிற்கின்றன. எனவே "எந்தக் காய் ராஜாவோடு கட்டப்பட்டிருக்கிறது", அதாவது எது நகர்ந்தால் ராஜா தாக்கப்படும், என்று முன்கூட்டியே கணக்கிடும் நிரல், பி5 சிப்பாய்க்குச் சுதந்திரம் உண்டு என்று சொல்லும். ஆனால் வெட்டினால் பி5-லிருந்து ஒன்று, சி5-லிருந்து ஒன்று என ஒரே நகர்வில் இரண்டு சிப்பாயும் வரிசையைக் காலி செய்துவிடும். யானைக்கு நேரே ராஜா. செஸ்ஸில் ஒரே நகர்வில் இரண்டு காய்கள் ஒரே வரிசையிலிருந்து மறையும் வெட்டு இது ஒன்றுதான். அதனால்தான் இவ்வளவு பேர் இதில் விழுகிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், யார் விழுகிறார்கள் என்பது. சட்டப்படியான நகர்வுகளை மட்டும் உருவாக்க வேண்டும், அதுவும் வேகமாக உருவாக்க வேண்டும் என்று கட்டப்பட்ட காய்களையெல்லாம் நுணுக்கமாகக் கணக்கிடுகிறவர்தான் விழுவார். சோம்பேறி முறை ஒன்று இருக்கிறது: காய்கள் போகும் விதத்தை மட்டும் பார்த்து எல்லா நகர்வையும் உருவாக்கு, ஆடிப் பார், ஆடியவரின் ராஜா இப்போது தாக்கப்படுகிறதா என்று சோதி, தாக்கப்பட்டால் அந்த நகர்வைத் திரும்ப எடு. இந்த முறையில் மேற்சொன்ன நிலைக்கென்று ஒரு வரிகூடத் தனியாக எழுத வேண்டாம். வேகம் கொஞ்சம் குறையும், விடை பிசகாது. "முறையாகச் செய்வது" என்றால் சிக்கலாகச் செய்வது என்று ஒரு நினைப்பு பலருக்கு இருக்கிறது. முதல் இன்ஜினுக்கு நான் சோம்பேறி முறையைத்தான் சொல்வேன்.

விதிகளில் விட்டுக்கொடுக்கத் தோதான இடம் ஒன்று உண்டு என்று வாதிடலாம்: சிப்பாய் எப்போதும் ராணியாகத்தான் மாறும் என்று வைத்துக்கொள்வது. உண்மையில் ஆட்டபலத்தில் இதனால் ஏற்படும் இழப்பு மிகச் சொற்பம். யானையாகவோ பிஷப்பாகவோ மாறுவது ஆட்டத்தைத் தீர்மானிக்கும் தருணங்கள் பெரும்பாலும் புதிர்களில்தான் வரும். ஆனால் அந்தக் கணத்தில் உங்கள் பெர்ஃப்ட் எண்கள் உலகத்தின் எண்களோடு ஒத்துப்போகாது. அதன் பிறகு புகுந்த பிழை எது, வேண்டுமென்று விட்டது எது என்று பிரிக்க முடியாது. சேமித்தது நான்கு வரி. இழந்தது சோதனை முழுவதையும்.

விதிகளைத் தாண்டித் தேடலுக்குள் வந்தால் கதை தலைகீழ். அங்கே குறுக்கு வழி இல்லாமல் ஓர் அடி எடுத்துவைக்க முடியாது. சராசரி நிலையில் 35 நகர்வுகள் என்று கொண்டால், நான்கு அரைநகர்வு ஆழத்துக்கு 35×35×35×35, அதாவது 15,00,625 முடிவுகள். கிளாட் ஷானன் 1950-ல் வெளியான தம் கட்டுரையிலேயே இரண்டு பாதைகளைப் பிரித்துக் காட்டினார். எல்லா நகர்வையும் ஒரே ஆழத்துக்குப் பார்ப்பது ஏ வகை. மனிதரைப்போல உருப்படியாகத் தோன்றும் சில நகர்வுகளை மட்டும் எடுத்து ஆழமாகப் போவது பி வகை. பி வகைதான் எதிர்காலம் என்று பலரும் நம்பினார்கள். ஐபிஎம் 704 கணினியில் 1957 வாக்கில் அலெக்ஸ் பெர்ன்ஸ்டைன் குழு எழுதிய நிரல் ஒவ்வொரு நிலையிலும் ஏழே ஏழு நகர்வுகளைத்தான் பார்த்தது.

அந்த ஏழில் சேராத எட்டாவதுதான் சரியான நகர்வு என்றால்? நிரலுக்கு அது தெரியவே வராது. 1966-67-ல் தந்தி வழியாக நடந்த நான்கு ஆட்டப் போட்டியில் இது அம்பலமானது. அமெரிக்கத் தரப்பில் கோட்டக்-மெக்கார்த்தி நிரல், பி வகை. மாஸ்கோவின் ஐடிஈபி இயற்பியல் நிறுவனத்தின் நிரல், ஏ வகை. மாஸ்கோ 3–1 என்று வென்றது. பிறகு 1973-ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்லேட்டும் அட்கினும் தங்கள் நிரலில் நகர்வைப் பொறுக்கும் பகுதியையே தூக்கிப்போட்டுவிட்டு எல்லா நகர்வையும் பார்க்கும் முறைக்கு மாறினார்கள். பொறுக்கும் பகுதி எங்கே தவறு செய்கிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருந்தது ஒரு காரணம். அதிலிருந்து பத்தாண்டுகளுக்கு மேலாக முரட்டுத் தேடலின் கொடிதான் பறந்தது. உலக சாம்பியன் போட்வினிக் மனித மூளையைப் போலவே தேர்ந்தெடுத்து யோசிக்கும் பயனியர் என்ற நிரலுக்காகப் பல ஆண்டுகள் உழைத்தார். போட்டிகளில் ஆடும் அளவுக்கு அது வரவே இல்லை.

முரட்டுத் தேடல் என்றாலும் அதற்குள்ளும் ஆல்பா-பீட்டா இருந்தது. இது குறுக்கு வழிகளிலேயே தனி ஜாதி. எதிராளிக்கு ஏற்கெனவே இதைவிட நல்ல வழி கையில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அந்தக் கிளையின் மிச்சத்தைப் பார்க்க வேண்டியதில்லை. முழுத் தேடல் என்ன மதிப்பைச் சொல்லுமோ அதே மதிப்பைத்தான் இதுவும் சொல்லும், இம்மி பிசகாது. நகர்வுகளை மிகச் சரியான வரிசையில் அடுக்கினால் அந்த 15 லட்சம் வெறும் 2,449 ஆகிவிடும். நூத்தும் மூரும் 1975-ல் இதை முறையாக அலசி எழுதினார்கள். நிஜத்தில் அடுக்கு அவ்வளவு கச்சிதமாக அமையாது. ஆனாலும் இலவசமாகக் கிடைப்பதில் இதைவிடப் பெரியது இந்தத் துறையில் வேறில்லை.

இதற்கு நேர் எதிர், குறிப்பிட்ட ஆழம் வந்ததும் தேடலை அப்படியே வெட்டி நிறுத்தி மதிப்பெண் போடுவது. புதிதாக எழுதுகிற எல்லோரும் முதலில் இதைத்தான் செய்கிறார்கள். கடைசி அரைநகர்வில் ராணி ஒரு சிப்பாயை வெட்டுகிறது. ஒரு சிப்பாய் லாபம் என்று இன்ஜின் குதிக்கிறது. அந்தச் சிப்பாயை இன்னொரு சிப்பாய் காவல் காத்துக்கொண்டிருந்தது, அடுத்த நகர்வில் ராணி போய்விடும் என்பது அதன் பார்வைக்கு அப்பால் இருக்கிறது. ஹான்ஸ் பெர்லினர் இதற்குத் தொடுவான விளைவு என்று பெயர் வைத்தார். மருந்து, வெட்டுகள் ஓயும்வரை அவற்றை மட்டும் தொடர்ந்து தேடுவது. முப்பது நாற்பது வரிகளில் முடிகிற வேலை. இது இல்லாத இன்ஜினில் வேறு எதைச் சேர்த்தாலும் பலன் தெரியாது. ராஜாவின் பாதுகாப்பு, சிப்பாய் அமைப்பு என்று வாரக்கணக்கில் மதிப்பீட்டைச் செதுக்குகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். காயின் விலையும், எந்தக் காய் எந்தக் கட்டத்தில் நின்றால் நல்லது என்ற ஓர் அட்டவணையும் ஆரம்பத்துக்குத் தாராளமாகப் போதும். அந்த இடத்தில் குறுக்கு வழியை மனசாட்சி உறுத்தாமல் எடுக்கலாம்.

பி வகை பின்னாளில் வேறு உருவத்தில் திரும்பி வந்தது. 1993-ல் கிறிஸ்டியன் டோனிங்கர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு நல்-மூவ் என்ற உத்தி பரவியது. நம் முறையை எதிராளிக்குச் சும்மா விட்டுக்கொடுத்து, ஆழத்தைக் குறைத்து ஒரு தேடல் ஓட்டுவது. சும்மா விட்ட பிறகும் நம் நிலை எதிராளிக்குக் கட்டுபடியாகாத அளவு நன்றாக இருந்தால், நிஜ நகர்வு ஒன்று இருக்கும்போது இன்னும் நன்றாகத்தான் இருக்கும். அந்தக் கிளையை விட்டுவிடலாம். எங்கே பொய்க்கும்? நகர்வதே நஷ்டமாகிற ஸுக்ஸ்வாங் நிலைகளில். அவை பெரும்பாலும் ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும் இறுதியாட்டத்தில் வரும். எனவே அப்படிப்பட்ட நிலைகளில் நல்-மூவை நிறுத்திவைப்பது வழக்கம். இந்த ஒரு நிபந்தனையை எழுத மறந்த இன்ஜின், எளிய சிப்பாய் இறுதியாட்டத்தைக்கூடக் கோட்டைவிடும்.

அடுத்து வந்தது எல்எம்ஆர். 2005-ல் ஃபாபியன் லெதூசே திறந்த மூலமாக வெளியிட்ட ஃப்ரூட் 2.1 என்ற இன்ஜின் இதைப் பரப்பியதில் பெரும் பங்கு வகித்தது. வரிசையில் பின்னால் நிற்கும் நகர்வுகளை ஆழம் குறைத்துப் பார்ப்பது. பெர்ன்ஸ்டைன் நிரல் செய்ததும் ஏறக்குறைய இதுதானே என்று தோன்றலாம். ஒரு வித்தியாசம் இருக்கிறது: எட்டாவது நகர்வை அது குப்பையில் போட்டது, எல்எம்ஆர் மேலோட்டமாகவாவது எட்டிப் பார்க்கும். ஆழம் குறைந்த தேடலில் அந்த நகர்வு எதிர்பார்த்ததைவிட நன்றாகத் தெரிந்தால், முழு ஆழத்தில் மறுபடி தேடும். முதல் முடிவு தப்பாகப் போனால் திரும்பி வர ஒரு வழி வைத்திருக்கிறது. 1960-களின் பி வகை நிரல்களுக்கு அந்த வழி இல்லை. ஐம்பது ஆண்டு இழுபறியில் தீர்ந்துபோன விஷயம் என்று நான் கருதுவது இதைத்தான்.

ஆனால் ஆல்பா-பீட்டாவைப்போல எல்எம்ஆரை நிரூபிக்க முடியாது. சில நிலைகளில் அது தவறான விடை தரும் என்பது உறுதி. மொத்தத்தில் லாபமா நஷ்டமா என்பதை ஆடிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆடிப் பார்ப்பதில்தான் மனிதர்கள் மிக மோசமான குறுக்கு வழியை எடுக்கிறார்கள். புது மாற்றத்தோடு இருபது ஆட்டம் ஓட்டுவார்கள், பன்னிரண்டு ஜெயித்தால் "முன்னேற்றம்" என்று சேமித்துவிடுவார்கள். நூறு ஆட்டம் ஆடினாலே பிழை எல்லை இரு பக்கமும் ஏறக்குறைய 60 எலோ (ஆட்டபலத்தை அளக்கும் புள்ளி) இருக்கும். பத்தாயிரம் ஆட்டம் ஆடினால் 6-க்கு வரும். ஓரளவு வளர்ந்த இன்ஜினில் ஒரு நல்ல யோசனை தருவதே ஐந்து பத்து எலோதான். ஆக, இருபது ஆட்டத்தை நம்பி மாற்றங்களை ஏற்றுக்கொள்வதும் காசு சுண்டிப் பார்ப்பதும் ஒன்று.

ஸ்டாக்ஃபிஷ் இன்ஜினின் வளர்ச்சியில் பெரிய திருப்பம் 2013-ல் வந்த ஃபிஷ்டெஸ்ட் என்று சொல்பவர்கள் பலர். நானும் அந்தக் கட்சி. தன்னார்வலர்களின் கணினிகளைச் சேர்த்து, ஒவ்வொரு மாற்றத்தையும் ஆயிரக்கணக்கான, பல சமயம் பல்லாயிரக்கணக்கான ஆட்டங்களில் சோதிக்கும் அமைப்பு அது. எத்தனை ஆட்டத்தோடு நிறுத்தலாம் என்பதைத் தொடர்நிலைப் புள்ளியியல் சோதனை ஒன்று முடிவு செய்கிறது: சான்று எந்தப் பக்கமாவது போதுமான அளவு சேர்ந்ததும் நிறுத்து. இதுவும் கணினி நேரத்தை மிச்சப்படுத்தும் குறுக்கு வழிதான், கணிதத்தில் கால் ஊன்றியது. இன்று சொந்தமாக இன்ஜின் எழுதுகிறவர்கள் தங்கள் ஒரே கணினியில்கூட இதே சோதனையை ராத்திரி முழுக்க ஓடவிடுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலான குறுக்கு வழி ஒன்றும் உண்டு: அடுத்தவர் எழுதியதை எடுத்துக்கொள்வது. திறந்த மூலமான ஃப்ரூட்டிலிருந்து எடுத்திருக்கிறார் என்று சொல்லி ரைப்கா இன்ஜினின் ஆசிரியர் வாசிக் ரைலிச்சின் உலகப் பட்டங்களை, கணினி ஆட்டங்களுக்கான சர்வதேசச் சங்கமான ஐசிஜிஏ 2011-ல் பறித்தது. அவர் மறுத்தார், சர்ச்சை பல ஆண்டு ஓடியது. ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தை மீறியதாகச் செஸ் மென்பொருள் விற்கும் செஸ்பேஸ் நிறுவனத்தின் மீது ஸ்டாக்ஃபிஷ் குழு 2021-ல் தொடுத்த வழக்கு அடுத்த ஆண்டு சமரசத்தில் முடிந்தது. உரிமப் பிரச்சினை ஒரு பக்கம் இருக்கட்டும். எடுத்து ஒட்டிய எல்எம்ஆர் அட்டவணை அந்த இன்ஜினின் நகர்வு வரிசைக்கும் மதிப்பீட்டுக்கும் ஏற்றபடி அளவெடுத்துத் தைத்தது. வேறு உடம்பில் போட்டால் பலம் குறைவதே பெரும்பாலும் நடக்கும், ஏன் குறைந்தது என்பதும் புரியாது.

ஃபிஷ்டெஸ்ட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. நிரல் வரிகளைச் சேர்க்கும் மாற்றம் பலம் கூடுகிறது என்று நிரூபித்தாக வேண்டும். நிரல் வரிகளை நீக்கும் மாற்றத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை; பலம் குறையவில்லை என்று காட்டினால் போதும். யாரோ மாதக்கணக்கில் யோசித்து எழுதிய நிபந்தனைகள் இப்படித் தொடர்ந்து கழன்று விழுகின்றன. 2020 செப்டம்பரில் வெளியான ஸ்டாக்ஃபிஷ் 12-ல் நரம்பு வலை மதிப்பீடு சேர்ந்தது. ஜப்பானியச் சதுரங்கமான ஷோகி ஆட்டத்துக்காக யூ நாசு 2018-ல் உருவாக்கிய அந்த வலை, ஒரு காய் நகரும்போது முழுவதையும் மறுபடி கணக்கிடாமல் மாறிய பகுதியை மட்டும் திருத்திக்கொள்ளும். விடை முழுக் கணக்கின் விடையேதான். சில காலம் அதுவும் கைப்பட எழுதிய பழைய மதிப்பீடும் கூட்டுக்குடித்தனம் நடத்தின. 2023-ல் பழையதை மொத்தமாக நீக்கினார்கள். சிப்பாய் அமைப்பு, ராஜாவின் பாதுகாப்பு, திறந்த கோட்டில் யானை என்று ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சோதித்துச் சேர்த்த ஆயிரக்கணக்கான வரிகள் ஒரே மாற்றத்தில் போயின.